ஒயர் பால்சாமி வாங்கிய வைஃபை

ராஜபாளையத்தில் பால்சாமி என்று விசாரித்தால், எந்தப் பால்சாமி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒயர் பால்சாமி என்றால் மறுகேள்வி கிடையாது. கையோடு கூட்டிவந்து வீட்டு வாசலில் விட்டுவிடுவார்கள். பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகியும், சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் டெஸ்டர்தான் குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்ப்பதற்கு முன்னால், சீரியல் லைட்டுக்கு எங்கிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா வருவாரா? பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பது கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கடைசிப் பந்தி எழுந்து கை கழுவிக்கொண்டிருக்கும்.

ஒயர் என்றால் அவருக்கு நம்பிக்கை. ஒயர் இல்லாதது எல்லாம் சந்தேகம். மருமகன் ராம்குமார் ஒருமுறை மதுரையிலிருந்து ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தான். மருமகன் ஏறிய பஸ் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு அதைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டு, பழைய பெல்லையே மாட்டினார்.

"ஒயருன்னா அறுந்த எடம் கண்ணுக்குத் தெரியும். முறுக்கி டேப்பைச் சுத்திரலாம். காத்துல அறுந்துச்சுன்னா எங்க போயி முறுக்குவ?" என்பார். இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கடைப்படி ஏறி, கம்ப்யூட்டருக்கு வைஃபை அடாப்டர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவேண்டி வந்தது. எல்லாம் மகளுக்காக.

மகள் கார்த்திகாவுக்கு மதுரையில் வேலை. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிற கம்பெனி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, ஒரு வியாழக்கிழமை தாய்வீட்டுக்கு வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். காரின் பின்சீட்டில், போர்வை சுற்றி பெல்ட் போட்டு, அவளுடைய கம்ப்யூட்டர். பிரசவம் வரைக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சம்மதித்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் வீடியோவில் வருவார். ஒரு மணி நேரம் அவர் பார்த்திருக்க இவள் வேலை செய்து காட்டவேண்டும். லைன் அறுந்தால் அன்றிலிருந்தே லீவு. அந்த மாதம்தான் டீம் லீடர் யார் என்று முடிவு செய்யப்போகிறார்கள். இரண்டே பேர் போட்டியில். ஒருத்தி லீவில் போய்விட்டால் போட்டி ஏது?

வீட்டில் நெட் இருந்தது. அதன் பெட்டி முன்ஹாலில் டிவி பக்கத்தில். முன்ஹாலிலோ, மாசமான பெண்ணைப் பார்க்க வருகிற தெருப்பெண்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை. அங்கே உட்கார்ந்து வேலை நடக்காது. அதனால் கம்ப்யூட்டரைப் பின்னறையில் வைத்தார்கள். நடுவில் முப்பதடி தூரம், இரண்டு சுவர். போன் நெட்டை வைத்துப் பார்த்ததில் கார்த்திகாவின் ஃபைல் பாதி ஏறி அப்படியே நின்றது. கம்ப்யூட்டருக்கோ, சொந்தமாக வைஃபை பிடிக்கிற வசதி கிடையாது.

பால்சாமிக்கு உள்ளுக்குள் பண்டிகை. முப்பதடி கேபிள், இரண்டு ஓட்டை. அரை மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, டிரில்லிங் மிஷினைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தால், சுவருக்கு முன்னால் மனைவி காளீஸ்வரி நிற்கிறாள்.

"வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல செவுத்துல ஓட்டை போடப் போறியளாக்கும்?"

"ரெண்டே ரெண்டு ஓட்டைதாம்ட்டி."

"ஓட்டையும் கூடாது, ஆணியும் கூடாது. மறந்துபோச்சுன்னா இவ காதுக்குப் பின்னால பாருங்க."

கார்த்திகாவின் வலது காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மச்சம். அதன் கதை அந்தத் தெருவுக்கே தெரியும். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இதே வீட்டில், காளீஸ்வரி மாசமாக இருந்தபோது, பால்சாமி காலண்டர் மாட்டப் பின்னறையில் ஓர் ஆணி அடித்தார். வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்கவில்லை. அடுத்த மாதம் பிள்ளை மச்சத்தோடு பிறந்தது. அவ்வளவுதான். மச்சம் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, அத்தனைக்கும் ஆணியா அடித்தார்கள் என்று அவரும் கேட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. அந்த ஆணியைப் பிடுங்கவும் விடவில்லை காளீஸ்வரி. பிடுங்கினால் இன்னும் என்ன ஆகுமோ! அது இன்றைக்கும் அதே சுவரில் இருக்கிறது. காலண்டர் போய், இப்போது பால்சாமியின் பிரிவுபசாரப் போட்டோ அதில் தொங்குகிறது. முதலாளியும் மேனேஜரும் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ரோஜா மாலையோடு அவர்.

டிரில்லிங் மிஷின் திரும்பிப் போனது. சரி, கேபிளைத் தரையோடு விடுவோம் என்று விட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்காது. காளீஸ்வரி கால் தடுக்கி, காபி டம்ளர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போனார்கள். எழுந்து சேலையை உதறியவள், "நான் விழுந்ததுக்குப் பதிலா இவ விழுந்திருந்தா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். பால்சாமி கேபிளைச் சுருட்டினார்.

"அப்பா, வைஃபை அடாப்டர்னு ஒண்ணு இருக்குப்பா. கம்ப்யூட்டர்ல மாட்டுனாப் போதும், ஒயரே வேண்டாம்" என்றாள் கார்த்திகா, கொஞ்சம் பயந்துகொண்டே. பால்சாமி சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜோயலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். வெறுங்கையோடு போகவில்லை. கட்டம் போட்ட தாளில் வீட்டின் பிளான். சுவரின் கனம், கதவின் உயரம், பீரோ நிற்கிற மூலை, எல்லாம் அடி அங்குல சுத்தமாக.

ஜோயல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, வீட்டை விக்கப் போறியளா?"

விஷயத்தைச் சொன்னதும் மூன்று சாமான்களை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று விரல்நகம் அளவு. இன்னொன்று தீப்பெட்டி அளவில், இரண்டு ஆன்டெனா காது மாதிரி தூக்கிக்கொண்டு. இரண்டையும் பென் டிரைவ் சொருகுகிற இடத்தில் சொருகினால் போதும். மூன்றாவது ஒரு கார்டு. கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே வைத்து ஸ்குரூ போடவேண்டும்.

"சின்னது பக்கத்துல இருந்தாத்தான் நல்லாப் பிடிக்கும் அண்ணாச்சி. ரெண்டு செவுரு தாண்டணும்னா ஆன்டெனா உள்ளது நல்லது. கார்டும் நல்லாப் பிடிக்கும், ஆனா..."

பால்சாமி ஆனாவுக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். சாமானின் தரத்தைக் கனத்தில் பார்ப்பது அவர் பழக்கம். மில் ஸ்டோருக்கு வந்த ஒயர் சுருளைத் தூக்கிப் பார்த்தே, உள்ளே செம்பு குறைகிறது என்று திருப்பி அனுப்பியவர். நகம் அளவு உள்ளதைத் தூக்கியவர், "இது மூக்குத்தித் திருகாணியில்லா?" என்று வைத்துவிட்டார். காது உள்ளதும் வெறும் பிளாஸ்டிக். கார்டு மட்டும் கையில் நின்றது. பித்தளை இருந்தது, ஸ்குரூ இருந்தது.

"இதுதான் தம்பி சரக்கு."

"அண்ணாச்சி, ஒங்க சிபியு பெரிசா, ஒல்லியா?"

பால்சாமிக்குக் கோபமே வந்துவிட்டது. மகள் எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள்! வாசலில் இறக்கும்போது அந்தத் திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் டிவி என்றல்லவா நினைத்தார்? "எம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டரு தெரியுமா? எங்க வீட்டு டிவியே தோத்துப்போகும்" என்றார். ஜோயல் கார்டைப் பையில் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. திரைதான் பெரிது. பெட்டி நாலு விரற்கடை அகலம். நெட்டுக்குத்தாக நிறுத்தினால் கார்டு பெட்டிக்கு வெளியே தலையை நீட்டியது. கட்டிங் பிளேயரால் மேலே கொஞ்சம் கத்தரித்துவிட்டால் என்ன என்று அவர் யோசிக்கும்போதே கார்த்திகா கார்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கதவை அளந்தீங்க, பீரோவை அளந்தீங்க. இதை அளக்கலையாப்பா?"

அளக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜோயலுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிறு, கடை திறக்காது. திங்கள் ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்துவிடுவார். கார்த்திகா கையில் வளையலைத் தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

ஜோயலுக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்ற அளவுக்குத்தான் பால்சாமிக்குத் தெரியும். ஞாயிறு காலை பஸ் ஏறிப் போய், முதல் சர்ச்சில் விசாரித்து, இல்லையென்று தெரிந்து, இரண்டாவது சர்ச் வாசலில் கார்டும் கையுமாக நின்றார். உள்ளே பிரசங்கம். வெளியே கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரவென்றது. அவரும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? ஒயரைப் பின்தொடர்ந்து போனால், ஓரிடத்தில் டேப் பிரிந்து ஜாயின்ட் ஆடிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து ஜோயலும் மனைவி ஹெப்சிபாவும் வெளியே வந்தபோது, அண்ணாச்சி பைக்குகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பத்து நிமிசம் பிரசங்கம் தெளிவாக் கேட்டுச்சே, நீங்கதானா?" என்றான் ஜோயல். கதையைக் கேட்டதும் அவன் முகம் வாடிவிட்டது. "ரெண்டு ஆன்டெனா உள்ளது ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணாச்சி. நேத்து சாயங்காலமே வித்துப்போச்சு. சின்னது ரெண்டு செவுரு தாண்டாது. புது ஸ்டாக்கு புதன்கிழமைதான் வரும்."

புதன்கிழமை வந்து என்ன செய்ய? பால்சாமி பக்கத்து பைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வீட்டுல அதே மாதிரி ஒண்ணு கெடக்கே" என்றாள் ஹெப்சிபா.

"அது... இன்னைக்கு மேட்ச்சு இருக்கு" என்றான் ஜோயல். அவன் கம்ப்யூட்டரில் மேட்ச் பார்ப்பது அதை வைத்துத்தான்.

ஹெப்சிபா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குமேல் மேட்சைப் பற்றிப் பேச்சில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கழற்றிக் கொடுத்தார்கள். அதற்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேரையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான் ஜோயல். நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளக் கூடாதல்லவா? கார்டை அதற்குப் பதிலாக அவனே வைத்துக்கொண்டான். ஹெப்சிபாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று பால்சாமிக்கு ஆசை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குப் பால்கோவாவா வாங்கிக் கொடுப்பது? அதனால் அவள் சமையலறையில் ஆடிக்கொண்டிருந்த சுவிட்ச் போர்டை இறுக்கிவிட்டு வந்தார்.

மத்தியானம் கம்ப்யூட்டரின் பின்னால் அடாப்டரைச் சொருகினார்கள். டிரைவர் ஏறியது. நெட் வந்தது. வந்து, போனது. மறுபடி வந்து, மறுபடி போனது. சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் எழவில்லை. கார்த்திகா திரையையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"விடுங்கப்பா. லீவு போட்டுக்கிறேன். பிள்ளை பிறந்த பொறவு பாத்துக்கலாம்."

அந்தச் சொல் பால்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. கூடவே மூளையும் வேலை செய்தது. ஒயரோ, காற்றோ, லைன் என்றால் லைன்தானே? மில்லில் பழுது எங்கே என்று அவர் உட்கார்ந்து யோசித்ததில்லை, டெஸ்டரோடு நடந்துதான் கண்டுபிடிப்பார். மகளின் செல்போனை வாங்கினார். அதில் வைஃபை கோடுகள் தெரியும். இன்றைக்கு அதுதான் டெஸ்டர். அறைக்குள் ஓரடி ஓரடியாக நடந்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு கோடு. பக்கத்தில் இரும்பு பீரோ அடைத்துக்கொண்டு நின்றது.

"பீரோவை அந்தப் பக்கம் நகட்டுனா?"

"குபேர மூலையை விட்டு அது நகராது" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. காளீஸ்வரி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் ஒரு கோடு. கட்டிலுக்கு மேலே இரண்டு. கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டருக்கு நேர் எதிர்ச்சுவரில், கையை உயர்த்தியதும், எல்லாக் கோடுகளும் நிறைந்துவிட்டன. பால்சாமி நிமிர்ந்து பார்த்தார். நேர் எதிரே, ரோஜா மாலையோடு பால்சாமி.

தள்ளிப்போனார். குறைந்தது. அந்தப் பக்கம் போனார். அங்கேயும் குறைந்தது. போட்டோவுக்கு அரையடி கீழே, அரையடி மேலே, பக்கவாட்டில், எல்லாம் பார்த்தார். சிக்னலும் அவரைப் போலவே பிடிவாதமாக இருந்தது. அடாப்டரைத் தொங்கவிட ஓர் ஆணி வேண்டும். புது ஆணி அடிக்கக் கூடாது. இருக்கிற ஆணியில் அவர் இருக்கிறார்.

"எத்தனை சுத்து சுத்துவிய? கோயிலா அது?" என்றாள் காளீஸ்வரி.

"இல்ல... வேற எங்கயாவது கெடைக்குதான்னு..."

"முப்பத்தோரு வருசத்துக்கு ஒங்களுக்கு ஒரு போட்டோ இருக்கு. நானும் அதே மில்லுல ரீலிங்குல நூல் சுத்துனவதான். ஏழாம் மாசத்துல, இவளைச் சொமந்துக்கிட்டு, கொஞ்ச நாளு லீவுன்னு வந்தேன். பொறவு போகவே இல்ல. எனக்கு எந்த ஆணியில போட்டோ தொங்குது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக அவள் ஆணியைப் பற்றித்தான் பேசியிருக்கிறாள். ரீலிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

பால்சாமி ஸ்டூலைப் போட்டு ஏறினார். போட்டோவைக் கழற்றித் துண்டால் துடைத்து மனைவி கையில் கொடுத்தார். சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். ஒயர்ப்பெட்டி, பழைய இரும்புக்காரன் ஒவ்வொரு முறை வரும்போதும் காளீஸ்வரி போட்டுவிடப் பார்த்து, அவர் தடுத்துக் காப்பாற்றியது. மில் ஆபீஸில் வேண்டாமென்று வீசிய நீட்டு ஒயர் ஒன்று அதற்குள் இருந்தது. ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் சொருகினால் மறுமுனையில் அடாப்டரை மாட்டலாம், பத்தடி நீளம். அதைப் பீரோவின் முதுகோடு ஏற்றி, சுவரை ஒட்டி மேலேயே கொண்டுபோய், ஆணியில் முடிச்சிட்டார். இரண்டு காதையும் நிமிர்த்திவிட்டார்.

கார்த்திகா திரையைப் பார்த்துக் கத்திய கத்தலில் தெருப்பெண்கள் வலி எடுத்துவிட்டதென்று ஓடிவந்தார்கள்.

திங்கட்கிழமை ஒன்பது மணி. முன்ஹாலில் நெட் பெட்டியின் சுவிட்சுக்குப் பக்கத்தில் பால்சாமி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்; யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது. பின்னறைக் கதவுக்கு வெளியே காளீஸ்வரி முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வந்த பெண்களிடம், "அவ டூட்டியில இருக்கா, பத்து மணிக்கு மேல வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். டூட்டி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று பால்சாமி நினைத்துக்கொண்டார்.

பத்தேகாலுக்குக் கதவு திறந்தது. "ஒரு தடவை கூட அறுகலப்பா. லைன் நல்லா இருக்கு, கன்டினியூ பண்ணுன்னுட்டார். என்ன அடாப்டர்னு கேட்டார். எங்க வீட்டு ஆணின்னு சொல்ல வந்து அடக்கிக்கிட்டேன்."

பால்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காளீஸ்வரி உள்ளே போய் ஆணியைப் பார்த்தாள். பிறகு மகளின் காதைத் திருப்பி மச்சத்தைப் பார்த்தாள். என்ன கணக்குப் போட்டாளோ தெரியாது.

அடுத்த மாதம் ஆயுதபூஜை வந்தது. வழக்கம்போல டெஸ்டர், கட்டிங் பிளேயர், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துவிட்டுப் பால்சாமி காத்திருந்தார். காளீஸ்வரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். அவற்றைத் தாண்டி நேரே பின்னறைக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியில் தொங்கிய அடாப்டருக்கு ஒரு பொட்டு.

"ஏட்டி, ஈரம் உள்ள போயிரும்!" என்று பதறினார் பால்சாமி.

"போகாது. ரீலிங்குல இருந்தப்போ என் மிசினுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். வேலையில் மூழ்கியிருந்த டீம் லீடர் கார்த்திகா திரும்பாமலேயே, அம்மா இறங்குவதற்கு ஸ்டூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.